கேமராவோடு வந்த உதவி: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மலைக்காற்று:
சித்ரா பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு திருவண்ணாமலை கிரிவலம் போயிருந்தோம். கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். நிருதி லிங்கம் தாண்டிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது ஒரு யூடியூப் தம்பி வந்தார். என் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் அவர் வீடியோதான் ஓடும். ரோட்டோரம் இருந்த ஒரு பாட்டிக்குப் புடவையும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார். வெளிச்சம் சரியில்லை என்று கூட வந்தவர் சொல்ல, பொட்டலத்தைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார். பாட்டி மறுபடியும் கும்பிட்டார்.

அவர்கள் போன பிறகு பாட்டி என் மனைவியிடம் கேட்டார்: "ஏம்மா, இது திருப்பூர்ல இருக்கிறவங்க போன்லயும் வருமா?" மகள் அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். அம்மா சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். "வராது பாட்டி" என்றாள் என் மனைவி. வேறென்ன சொல்வது? அந்த வாரமே வீடியோ வந்துவிட்டது. பாட்டி முகம் பளிச்சென்று தெரிகிறது. கீழே "நீங்கதான் அண்ணா கடவுள்" என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள்.

முடிச்சூர்வாசி:
2015 டிசம்பர், சென்னை வெள்ளம். செம்பரம்பாக்கம், அடையாறு என்று மறுபடி விளக்க வேண்டியதில்லை. கீழ்வீடு மூழ்கி மொட்டை மாடியில் இருந்தோம். எங்களை இறக்கியது படகோடு வந்த மீனவர்கள். அவர்கள் யாரும் போனை எடுத்ததாகவே நினைவில்லை. படம் எடுத்தவர்கள் எல்லாம் தண்ணீர் வடிந்த பிறகு வந்தவர்கள். நிவாரணப் பையில் ஸ்டிக்கர் ஒட்டிய கதை ஊருக்கே தெரியும்.

எங்கள் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிரெட் பாக்கெட்டின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை கொடுத்தவர் கையில். படம் எடுத்து முடிக்கும்வரை கொடுத்தவர் விடவில்லை. அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. பாக்கெட்டில் அச்சடித்திருந்ததையே படித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அப்பா பிரெட்டைத் தொடுவதில்லை. காய்ச்சல் வந்தாலும் கஞ்சிதான்.

கொங்குத்தங்கை:
மலைக்காற்று அண்ணா, உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் அப்படி இல்லை. என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது எங்களைக் கைதூக்கிவிட்டது ஒரு வீடியோதான். வந்தவர் முதலில் தம்பியிடம் "முகம் காட்டலாமா, ஊர்ப் பெயர் சொல்லலாமா" என்று கேட்டார். அம்மா அழ ஆரம்பித்ததும் கேமராவை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அழுது முடிங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார். அந்த அழுகை வீடியோவில் இல்லவே இல்லை. பணமும் நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போனது.

2021இல் எஸ்எம்ஏ என்ற அரிய மரபணு நோய் பாதித்த நம் மாநிலக் குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி எப்படி வந்தது? முகம் தெரியாதவர்கள் போட்ட நூறும் ஐநூறும்தானே? செய்தி பரவாமல் அது சேர்ந்திருக்குமா?

நெல்லைப்பையன்:
இது வேறு மாதிரி. கொடைக்கானலில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசையில் ஒரு நடிகர், மனைவி, சின்னப் பெண். செல்ஃபி கேட்டவர்களுக்கெல்லாம் எச்சில் கையோடு எழுந்து நின்றார். அப்போது ஒருவர் வெளியே இருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்து, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "சார், இவருக்கு என்ன செய்யப்போறீங்க? லைவ்ல சொல்லுங்க" என்றார். பெரியவர் கூசிப்போய் நின்றார். நடிகர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். மறுநாள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டி அந்த வீடியோத் துண்டு சுற்றியது. எனக்கு அந்த மேசையும் குழந்தையும்தான் கண்ணிலேயே நிற்கிறது.

ஓய்வாசிரியர்:
நானும் பழனியில் இப்படி ஒன்றைப் பார்த்தேன், கிட்டத்தட்ட இதே கதைதான். அதைவிட, கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பாடு போட ஆசை என்றால் வடலூருக்கு அரிசி அனுப்புங்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது, அங்கே கொடுக்க யாரையும் படம் பிடிக்க வேண்டியதில்லை. பழனி, ஸ்ரீரங்கம் கோயில்களில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது; அதற்கும் கொடுக்கலாம். கிரிவலப் பாதையில் கண்ட இடத்தில் பொட்டலம் கொடுக்காதீர்கள்; ஒரே இடத்தில் நாலு பேர் கொடுத்தால் பாதி குப்பைக்குத்தான் போகும். வீடியோ பார்த்துப் பணம் அனுப்புமுன் அது அறக்கட்டளைக் கணக்கா, தனி ஆள் கணக்கா என்று பாருங்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் ரசீது கேளுங்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது. ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் படம் எடுக்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்.

மலைக்காற்று:
ஐயா, நன்றி. ஆனால் எனக்கு ரசீது பற்றிக் குழப்பமில்லை. தங்கச்சி, உங்கள் தம்பியிடம் கேட்டுவிட்டு எடுத்தார்கள். அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் கோபம் அவ்வளவுதான். முகத்தையாவது மறையுங்கள் என்று அந்தச் சேனலுக்கு எழுதினேன். பதில் இல்லை.

கொங்குத்தங்கை:
அண்ணா, சேனலை விடுங்கள். யூடியூபிடமே தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். படத்தில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. கணினி வசதி இல்லாதவர் என்றால் அவருக்காக இன்னொருவர் கொடுக்கலாம். அதைச் சரிசெய்ய வீடியோ போட்டவருக்கு 48 மணி நேரம் தருவார்கள். வீடியோவை எடுக்காமலே முகத்தை மட்டும் மங்கலாக்க வீடியோ போட்டவருக்கு வசதி உண்டு. பாட்டி முகம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள், புகாரை எழுத நான் உதவுகிறேன்.