சாஃப்ட்வேர் கம்பெனியில் டெவலப்பர் வேலை நிஜத்தில் எப்படி இருக்கும்?

பொருநைக்கரை:
வணக்கம். திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. கடைசி வருடம் படிக்கிறேன். கேம்பஸில் சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனி டெவலப்பர் வேலைக்கு எடுத்திருக்கிறது, ஜூலையில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இந்தத் துறைக்குப் போகிற முதல் ஆள் நான், கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை. சீனியர் ஒருவர் ஏசி ரூம், ஜாலி என்கிறார், இன்னொருவர் ராத்திரி தூக்கமே கிடையாது என்கிறார். காலையில் போய் உட்கார்ந்ததிலிருந்து ஒரு டெவலப்பர் உண்மையில் என்ன செய்வார்? நாள் முழுக்க கோட் எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா? பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஜாவா ஓரளவு வரும், ஆனால் இங்கிலீஷில் பேசச் சொன்னால் வாயே வராது.

கோவை பால்கணக்கு:
வாழ்த்துகள் தம்பி. நான் கோயம்புத்தூரில் ஒரு சின்ன ப்ராடக்ட் கம்பெனியில் இருக்கிறேன், பால் கொள்முதல் நிலையங்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். எழுதுவது கொஞ்சம்தான். வேறு யாரோ எழுதிய கோடைப் படிப்பதும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஆளைத் தேடிக் கேட்பதும்தான் பெரும்பகுதி. பல நேரம் எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார்.

ஒன்று சொல்கிறேன். ஒரு நிலையத்திலிருந்து போன் வந்தது, சில விவசாயிகளுக்கு வாராந்திரப் பில்லில் ஒரு வேளைப் பால் குறைகிறது என்று. டேட்டாபேஸைப் பார்த்தால் லிட்டர், கொழுப்பு எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறது, பில்லில் மட்டும் இல்லை. எங்கள் டெஸ்டிங் டீம் போட்டுப் பார்த்தால் ஒழுங்காக வருகிறது. அவர்கள் போட்டுப் பார்த்தது பகல் 11 மணிக்கு. விட்டுப்போன பதிவுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாமே திங்கள்கிழமை காலை 5:30-க்கு முன்னால் ஊற்றிய பால். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு சர்வரை ஆபீஸிலிருந்து கிளவுடுக்கு மாற்றியிருந்தோம், அங்கே கடிகாரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே திங்கள் காலை 5:10 என்றால் அங்கே ஞாயிறு இரவு 11:40. ஆகவே அந்தப் பால் போன வாரக் கணக்கில் போய் விழுகிறது, போன வாரக் கணக்கை ஞாயிறு சாயங்காலமே முடித்துப் பட்டுவாடாவும் செய்தாகிவிட்டது, இந்த வாரத்திலும் அது வராது.

திருத்தம் இரண்டே வரி. அதற்கு அப்புறம்தான் பெரிய வேலை: எந்தெந்த நிலையத்தில் யார் யாருக்கு எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்து, ஒவ்வொரு செயலாளரிடமும் பேசி, அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுக்க வைக்க வேண்டும். இருட்டோடு எழுந்து பால் கறந்து கொண்டுவந்தவருடைய காசு அது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், கல்லூரியில் யாரும் சொல்லித்தராத பகுதியும் இதுதான்.

சிறுசேரி ஷிஃப்ட்:
அண்ணன் சொன்னது சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து விற்கிற ப்ராடக்ட் கம்பெனி, நீங்கள் போவது வேறு நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கிற சர்வீஸ் கம்பெனி, அங்கே சில விஷயங்கள் வேறு. எனக்கு க்ளையன்ட் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு இன்ஷூரன்ஸ் நிறுவனம். முதலில் ட்ரெயினிங், அப்புறம் ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்ச், அதாவது வேலை ஒதுக்காமல் காத்திருக்க வைப்பது. பெஞ்சில் சம்பளம் வரும், மனசுதான் நிலைகொள்ளாது. ஜாவா தெரிந்தவரை டெஸ்டிங்கிலோ சப்போர்ட்டிலோ போடுவதும் உண்டு, அப்படிப் போட்டால் டெவலப்மென்ட் வேண்டும் என்று மெயிலிலேயே கேளுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்டது அப்ரைசல் சமயத்தில் நிற்காது.

நேரம் பற்றி. அவர்களுக்குக் காலை 9:30 என்பது அங்கே கோடைகாலத்தில் நமக்கு இரவு 7 மணி, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதே மீட்டிங் 8 மணிக்குப் போய்விடும். புது மாற்றங்களை க்ளையன்டின் பயன்பாட்டுக்கு விடுகிற ரிலீஸ் வாரமும் சப்போர்ட் முறை வருகிற வாரமும் தூக்கம் கெடும், மற்ற நாட்களில் அப்படி இல்லை. என்னைக் கேட்டால் தூக்கத்தைவிட மோசமானது எஸ்டிமேட். க்ளையன்டிடம் தேதியைச் சொல்லிவிட்டு வந்து, இது எத்தனை நாள் ஆகும் என்று நம்மைக் கேட்பார்கள். நான்கு நாள் ஆகும் என்று பட்டால் நான்கு என்றே சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். ஃப்ரெஷர்கள் பயந்துபோய் இரண்டு என்று சொல்லிவிட்டு சனி ஞாயிறு உட்கார்ந்து முடிக்கிறார்கள், அந்த மணிநேரம் டைம்ஷீட்டில் ஏறாது, அடுத்து தருகிற வேலைக்கும் அதே கணக்கைத்தான் எதிர்பார்ப்பார்கள். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

ஆஃபர் லெட்டரில் உள்ள சிடிசியை, அதாவது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்த வருடச் செலவை, பன்னிரண்டால் வகுத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள். கம்பெனி கட்டுகிற பிஎஃப், கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்னபின் வேலை செய்ய வேண்டிய காலம்) எத்தனை நாள் என்று பாருங்கள், பல இடங்களில் 90 நாள்.

பொருநைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. பால் கணக்கு விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், எங்கள் வீட்டிலும் மாடு உண்டு. இன்னொரு பயம், ஏஐயே கோட் எழுதிவிடுகிறது, ஃப்ரெஷர் இனி எதற்கு என்கிறார்களே? அப்புறம் நான் ஏதாவது தப்பாகத் தொட்டு சிஸ்டமே நின்றுபோனால் என்ன ஆகும்?

வைகை ரிவ்யூ:
தம்பி, நானும் மதுரைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள்தான். ஸ்டாண்டப் என்கிற தினசரி டீம் மீட்டிங்கில் சொல்ல வேண்டியது மூன்று: நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எங்கே நிற்கிறது. எழுதிவைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பேச்சைவிட எழுத்துதான் இங்கே அதிகம் உதவும். 'வேலை செய்யவில்லை' என்று ஒற்றை வரி போடாமல், எதை அழுத்தினேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது, சிஸ்டம் எழுதிவைக்கிற லாகில் எந்த வரி என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறவரை எந்த டீமும் மதிக்கும்.

ஏஐயை எங்கள் டீமில் எல்லோரும் பயன்படுத்துகிறோம். கோட் வேகமாக வருகிறது, அதனால் இன்னொருவர் படித்துச் சரிபார்க்கிற ரிவ்யூவுக்கு வந்து சேருவதும் அதிகமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அனுப்பிய மாற்றத்தில், பணம் பிடித்துக்கொடுக்கிற பேமென்ட் கேட்வேயிலிருந்து பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பும்படி எழுதியிருந்தது. முதல் தடவை பணம் போய், பதில் மட்டும் தாமதமாகியிருந்தால்? வாடிக்கையாளர் கணக்கில் இரண்டு முறை பிடித்துவிடும். மறுபடி அனுப்புகிற இந்த ரீட்ரை ஏன் என்று கேட்டேன், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏஐ கொடுத்தது என்றான். உட்கார வைத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து ஒரே எண் இரண்டாவது முறை வந்தால் எப்படித் தள்ளிவிடுவது என்று காட்டினேன், நன்றாகப் பிடித்துக்கொண்டான். ஃப்ரெஷர்களை எடுப்பது இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் பெயரில் போகிற ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால், டீமில் உங்களுக்கு வேலை இருக்கும்.

சிஸ்டம் நின்றுபோவது பற்றி: 2017 ஜனவரி 31 அன்று, டெவலப்பர்கள் கோடைச் சேமித்துவைக்கிற தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், வேறு சர்வர் என்று நினைத்து முக்கிய டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பேக்கப்பை எடுக்கப் போனால் அதில் பெரும்பாலானது வேலை செய்யவே இல்லை, சுமார் ஆறு மணி நேர டேட்டா போயேபோனது. நடந்ததையெல்லாம் அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள், அவர்மேல் பழியைப் போடாமல், பேக்கப் தோற்றது ஏன் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது என்று தோண்டினார்கள். பொதுவாக சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற நிஜ சிஸ்டமான ப்ரொடக்ஷனை நேரடியாகத் தொட அனுமதி தரமாட்டார்கள். அப்படித் தந்துவிட்டு, ஏதாவது உடைந்ததும் யார் செய்தது என்று மட்டும் கேட்கிற டீமாக இருந்தால், ஒரு வருடம் கற்றுக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

சிறுசேரி ஷிஃப்ட்:
அக்கா சொன்னது சரி. ஒன்று விட்டுப்போனது: எந்த ஆபீஸ் என்று உறுதியாகும்முன் பிஜி (வாடகை விடுதி) அறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ட்ரெயினிங் ஓரிடம், போஸ்டிங் வேறிடம் என்று ஆகலாம், ஹைதராபாத்துக்குக்கூட அனுப்பலாம். சென்னையில் ஐடி கம்பெனிகள் உள்ள ஓஎம்ஆர் சாலையில்தான் என்று தெரிந்ததும் இங்கே சொல்லுங்கள், நாவலூர் பக்கம் அறை பார்க்க நான் உதவுகிறேன்.