பழைய ட்யூப் (வால்வு) பேஸ் கிட்டார் ஆம்ப் வாங்கலாமாண்ணே?

பேஸ்தம்பி: திருமங்கலத்துல ஒருத்தர்ட்ட ஃபெண்டர் பேஸ்மேன் 100 ஹெட் (ஸ்பீக்கர் இல்லாம ஆம்ப் மட்டும்) வெலைக்கு வந்துருக்குண்ணே, 1970கள்ல வந்தது, பின்னாடி 120 வோல்ட்னு போட்டுருக்கு, எர்த் பின்ன யாரோ வெட்டி விட்டுட்டாங்க, ஆன் பண்ணா ம்ம்ம்ம்னு ஒரே இரைச்சல். சித்திரைத் திருவிழா கச்சேரிக்குத் தூக்கிட்டுப் போலாம்ல?

வால்வுமாமா: தம்பி, நம்ம ஊரு 230 வோல்ட்ல நேரா சொருகுன, கதை முடிஞ்சுச்சு. வோல்ட்டக் கொறைக்கிற ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், 500 விஏ-க்குக் (அது தாங்குற லோடு அளவு) கொறையாம. இரைச்சலுக்கு பெரும்பாலும் கரண்ட்டச் சீராக்குற ஃபில்டர் கப்பாசிட்டர்தான் காரணம், அத்தன வருசத்துல காஞ்சு போயிருக்கும், மாத்தணும். நீ மட்டும் உள்ள கைய விட்றாத, ப்ளக்க புடுங்குன பெறகும் அந்தக் கப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல தங்கி நிக்கலாம். எனக்கு ஒருதரம் அடிச்சு தோள்பட்ட வரைக்கும் மரத்துப் போச்சு, வீட்ல இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. மொத வேலையா எர்த் பின்ன போடு, இல்லன்னா கிட்டார் கம்பில கை, மைக்ல வாய், ரெண்டுக்கும் நடுவுல ஷாக் வாங்குறது நீதான்.

கீழவாசல்காரன்: ஸ்பீக்கர் மாட்டாம ட்யூப் ஆம்ப ஓட்டிறாதப்பா, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிரும். அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி. பின்னாடி எத்தன ஓம்னு (ஸ்பீக்கரோட மின்தடை அளவு) போட்டுருக்கோ அதுக்கேத்த கேபினட்டா (ஸ்பீக்கர் பெட்டி) பாரு. கிட்டார் கேபினட் வேணாம், கீழ் சுரத்துக்குக் கோன் கிழிஞ்சிரும்.

பேஸ்தம்பி: 4 ஓம்னு போட்டுருக்குண்ணே. இரைச்சலச் சொல்லி வெலைய அடிச்சுப் பேசிட்டு வர்றேன்.