நிலாவரையில போட்ட தேசிக்காய்

வாட்ஸ்அப் குழு: கொக்குவில் வீடு

பெரியக்கா, இரவு 8:12
தங்கச்சி, நேற்று உன்னட்டை வந்திட்டுப் போனவன் படுக்குமட்டும் ஒரே கதை. நிலாவரைக் கிணறாம், கீரிமலைக் கேணியாம், பறங்கியாம். சோறும் ஒழுங்காத் தின்னேல்ல. என்ன நடந்தது?

நான், 8:15
ஐயோ அக்கா, எனக்கும் நித்திரை வரேல்ல. உன்ர மோன் செய்த வேலையைச் சொல்லுறன் இரு.

ரொறன்ரோ அண்ணா, 8:17
அந்தக் கதை விளையாட்டோ? டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மாதிரி? நாங்கள் இஞ்ச அஞ்சு பேர் சேந்துதான் விளையாடுறனாங்கள். ஒராளை மட்டும் வைச்சு எப்பிடி நடத்துறாய்? என்ர மோளும் கேக்கிறாள், சேர வேற பிள்ளையள் இல்லை.

அம்மா, 8:19
அது என்ன பிள்ளை, தாயம் மாதிரியோ?

நான், 8:22
பலகை இல்லை அம்மா. நான் இடத்தையும் ஆக்களையும் சொல்லுவன், "இப்ப நீ என்ன செய்வாய்?" எண்டு கேப்பன். அவன் சொல்லுறபடி கதை போகும். நடக்குமோ நடக்காதோ எண்டு தெரியாத இடத்தில மட்டும் கட்டை உருட்டுறது. 1974ல அமெரிக்காவில ரெண்டு பேர் போட்ட விளையாட்டு அது.

நான், 8:27
எங்கட கதை 1619ல நடக்குது, யாழ்ப்பாணம் போத்துக்கேயப் பறங்கியிட்டை விழுற நேரம். அவன் நெடுந்தீவு வள்ளமோட்டி. தஞ்சாவூர் நாயக்கருக்கு உதவி கேட்டு ஓலை கொண்டு போறான்.
அண்ணா, முதல் நாளே பிழை விட்டிட்டன். மூண்டு பறங்கிச் சிப்பாயை விட்டன். அவன் ஒருக்கா வெட்டுறதுக்குள்ள அவங்கள் மூண்டு தரம் வெட்டுறாங்கள். ரெண்டு சுற்றில ஆள் விழுந்திட்டான். நாலு பேர் இருந்தா ஆரும் தூக்குவினம், இவன் விழுந்தா கதையே முடிஞ்சுது. பிள்ளையின்ர முகம் வாடினதைப் பாக்க ஏலாது.

ரொறன்ரோ அண்ணா, 8:29
பேந்து?

நான், 8:33
சாகவிடேல்ல. கண் முழிக்கேக்க கை கட்டிக் கிடக்கு, உப்பு ஏத்தின வள்ளத்துக்குள்ள. அங்கதான் பறங்கி அடுத்து எங்க வாறான் எண்டு அவன்ர காதில விழுந்தது. அதுக்குப் பிறகு தோல்வி எண்டால் சாவு இல்லை, நிலைமை மாறும் எண்டு முடிவெடுத்திட்டன்.
ஒரு ஆச்சியையும் துணைக்குக் குடுத்தன்.

ரொறன்ரோ அண்ணா, 8:34
2019ல வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் பெட்டி, எசென்ஷியல்ஸ் கிட், அதில ஒராள் விளையாட எண்டே துணையாள் விதி இருக்கு.

நான், 8:38
ஓம், அதைப் பாத்துத்தான் எடுத்தனான். சண்டையில ஆச்சியையும் அவன்தான் நடத்துவான். ஆனா ஆச்சி வழி சொல்லக்கூடாது அண்ணா. சொல்லத் தொடங்கினா நான் என்னோடயே கதைச்சுக்கொண்டிருப்பன், பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்.

பெரியக்கா, 8:39
நிலாவரைக்கு வா.

நான், 8:46
வாறன். துறையெல்லாம் பறங்கி மறிச்சுப்போட்டான். நான் மூண்டு வழி யோசிச்சு வைச்சிருந்தன், ஒரு மூளை எதைத் தவறவிடும் எண்டு தெரியாதெல்லோ. மூண்டையும் அவன் தொடேல்ல. நாலைஞ்சு நிமிசம் பேசாம இருந்தான். எனக்கு வாய் துடிச்சது, ஆனாச் சொல்லேல்ல. பிறகு கேக்கிறான்: "சித்தி, நிலாவரையில போட்ட தேசிக்காய் கீரிமலையில வருமெல்லோ?"
தேசிக்காயைக் குடைஞ்சு, ஓலை நறுக்கைச் சுருட்டி உள்ளுக்கு வைச்சு, தேன்மெழுகால அடைச்சுப் போட்டிட்டான்!

அம்மா, 8:48
அந்தக் கதை நான் சொன்னது. சின்னனில மடியில வைச்சுச் சொன்னனான்.

ரொறன்ரோ அண்ணா, 8:49
அதுக்குக் கட்டை உருட்டினியோ?

நான், 8:52
இல்லை. அம்மம்மா சொன்ன கதையை அவன் நம்பித்தான் போட்டவன், அதைப்போய்க் கட்டையிட்டை கேக்க எனக்கு மனம் வரேல்ல. நான் எழுதி வைச்ச மூண்டு பக்கத்தையும் கிழிச்சுப்போட்டன். விளையாடுறது ஒராள், அவன் போற பக்கம்தான் கதை.

ரொறன்ரோ அண்ணா, 8:53
இருபது முகக் கட்டை அங்க எடுக்கலாமோ?

நான், 8:58
தேடினன், கிடைக்கேல்ல. 1 தொடக்கம் 20 மட்டும் துண்டில எழுதி டின்னுக்குள்ள போட்டிருக்கு. எடுத்த துண்டைத் திருப்பிப் போட்டுக் குலுக்கவேணும், இல்லாட்டிக் கணக்குப் பிழைக்கும். அவன் நல்ல யோசினை சொன்னா ரெண்டு தரம் எடுத்துக் கூடினதை வைச்சிருக்க விடுவன். 11 அல்லது அதுக்கு மேல வேணும் எண்டால் ஒருக்கா எடுத்தால் பாதிக்குப் பாதி, ரெண்டு தரமெண்டால் நூறுக்கு 75. ஒராளுக்கு அது பெரிய உதவி.
மோளோட ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல இருக்காதேங்கோ. இடையில கதைக்க வேற ஆள் இல்லை, ரெண்டு பேரும் களைச்சுப்போவியள்.

பெரியக்கா, 9:01
கூட்டாளியள் கொழும்புக்குப் போனதிலயிருந்து இவன் வாய் திறந்து கதைச்சது இந்த மாசம்தான். ஞாயிறும் அனுப்பிறன்.

பெறாமகன், 9:04
சித்தி, கீரிமலையில தேசிக்காயை எடுத்தது ஆர்? பறங்கியோ, எங்கட ஆளோ?

நான், 9:05
எனக்கும் தெரியாது ராசா. ஞாயிறு வா, நீயே துண்டு எடு.

பெறாமகன், 9:05
ரெண்டு தரம் எடுக்கலாமோ?