கடைக்கு ஒரு மெசின்: பெட்டியில் போட்டிருக்கிற இலக்கங்களை நம்பலாமா?

கோண்டாவில்_கடை
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு கொம்யூனிகேசன் (கொப்பி, ஸ்கான் எடுத்துக் கொடுக்கிற கடை) போடுகிறேன். விதானையாரின் (கிராம சேவகரின்) கந்தோர் பக்கத்தில் இருப்பதால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் கொப்பிதான் கூடுதலாக வரும். அதோடு பிள்ளைகளின் பாஸ்ட் பேப்பர் (பழைய பரீட்சை வினாத்தாள்), வெளிநாட்டுக்கு அனுப்புகிற காணி உறுதி ஸ்கான்.

கையில் இருக்கிற காசுக்கு அச்சு, கொப்பி, ஸ்கான் எல்லாம் செய்கிற ஒரு பிரிண்டர் மெசின்தான். கஸ்தூரியார் வீதியில் இரண்டு காட்டினார்கள். ஒன்று இங்க் டாங்க் கலர்: 33 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பக்கம்), 5760 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), கறுப்பு மைப் போத்தல் ஒன்றுக்கு 4,500 பக்கம். மற்றது கறுப்பு லேசர், மேலே தாள் இழுக்கிற ஏடிஎஃப், பக்ஸும் (தொலைநகல்) உண்டு: 30 பிபிஎம், 600 டிபிஐ, ரோனர் (மைப்பொடி) 2,600 பக்கம். இலக்கத்தைப் பார்த்தால் எல்லாவற்றிலும் இங்க் டாங்க்தான் மேலே நிற்கிறது. ஆனால் கடைக்காரப் பொடியன் லேசரை எடுக்கச் சொல்கிறான். யாரை நம்புவது?

சுன்னாகம்_லேசர்
பொடியன் சொன்னது சரி அக்கா. இலக்கம் பொய்யில்லை, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலால் அளந்தது. 33 என்பது மையைக் குறைத்து, மங்கலாக, ஓட்டமாக அடிக்கிற டிராப்ட் வேகம். அதே பெட்டியில் சின்ன எழுத்தில் ‘ஐஎஸ்ஓ 24734’ என்று, அச்சு வேகத்தை அளக்கிற பொதுத் தரத்தின் பெயரோடு ஒரு வரி இருக்கும். அப்படியான இங்க் டாங்குகளில் அந்த வரியில் 10 அளவில்தான் பார்ப்பீர்கள். லேசரில் 30 என்றால் கிட்டத்தட்ட 30தான். 40 பக்கப் பாஸ்ட் பேப்பர் ஒன்று அங்கே நாலு நிமிடம், இங்கே ஒன்றரை நிமிடம்கூட இல்லை.

டிபிஐயும் அப்படியே. 5760 என்பது மைத்துளியை எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம் என்பதற்கான கணக்கு. படத்துக்கு உதவும், எழுத்துக்குத் தேவையில்லை. 1984இல் வந்த முதல் லேசர்ஜெட் (எச்பியின் லேசர் பிரிண்டர்) 300 டிபிஐதான். அதிலேயே உலகம் முழுக்கக் கடிதம் அடித்தார்கள். 600இல் தமிழ் எழுத்தின் சுழியெல்லாம் துப்புரவாக வரும்.

மானிப்பாயான்
லேசர் திருத்துகிற ஆள் லேசரைத்தான் சொல்லுவார். கோபிக்க வேண்டாம் தம்பி.

அக்காவுக்கு வரப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தாளுக்கு வருகிறவர்கள். அங்கே பிபிஎம் எதற்கு? பார்க்க வேண்டியது முதல் தாள் வெளியே வருகிற நேரம். லேசர் தூங்கிக் கிடந்தால் பியூசர் (பொடியைத் தாளில் உருக்கி ஒட்டுகிற சூட்டு உருளை) கிட்டத்தட்ட 200 பாகை வரை சூடேற வேண்டும், பிறகுதான் தாள் அசையும். சனம் வாசலில் நிற்கும்.

அந்தச் சூட்டுக்குக் கரண்ட் வேண்டும். சூடேறுகிற நொடியில் லேசர் ஆயிரம் வாட்ஸ் அளவில் இழுக்கும். கடைகளில் வைத்திருக்கிற 650 விஏ யூபிஎஸ் அதில் பாதிகூடத் தாங்காது, கூவிக்கொண்டு விழுந்துவிடும். இங்க் டாங்க் ஓடும்போது இருபது வாட்ஸ்கூட எடுக்காது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள், மறந்துவிட்டதா? அன்று ஊரில் கொப்பி அடித்துக் கொடுத்தவர்கள் எல்லாம் சின்ன இன்வேர்ட்டரும் இங்க் டாங்கும் வைத்திருந்தவர்கள்தான்.

சுன்னாகம்_லேசர்
2022ஐ வைத்துக்கொண்டு இன்றைக்கு மெசின் தெரிவு செய்தால், மண்ணெண்ணெய் அடுப்பும் சேர்த்து வாங்க வேண்டும் அண்ணை.

நீங்கள் மழையைச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சனம் கொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போகும். சாய மை என்றால் ஒரு துளி பட்டதும் நீலமாகப் பரவிவிடும். அடையாள அட்டை இலக்கம் அழிந்த கொப்பியை விதானையார் வாங்குவாரா? ரோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, தாளில் உருகி ஒட்டிவிடும். நனைந்தாலும் எழுத்து நிற்கும்.

மானிப்பாயான்
எல்லா இங்க் டாங்கும் சாய மை இல்லை. பல மொடல்களில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட் மை (கரையாத நிறப்பொடி மை), காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது. அந்தச் சொல் போத்தலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

மாரியில் லேசர் மட்டும் சும்மா இருக்குமா? பிரித்து வைத்த தாள் கட்டு ஈரத்தைக் குடித்துவிடும். பியூசருக்குள் போனதும் சுருண்டு உள்ளேயே சிக்கும். வாடிக்கையாளர் முன்னால் மூடியைத் திறந்து, சுடுகிற இடத்தில் விரல் விட்டுத் தாள் இழுக்கிற வேலை யாருடையது?

சுன்னாகம்_லேசர்
கட்டைப் பொலித்தீனால் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள், முடிந்தது. இங்க் டாங்கில் ஹெட் (மை தெளிக்கிற முனை) காய்ந்து அடைத்தால் அப்படி முடியாது. கடையை ஒரு கிழமை பூட்டிவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்தால், முதல் தாளில் வெள்ளைக் கோடு. கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மை கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டதாக மெசின் கணக்குப் போட்டால், மை இருந்தாலும் அடிக்காது. பஞ்சு மாற்றி றீசெற் பண்ண என்னிடம்தான் வருவார்கள். ஆகவே வருமானத்துக்காகச் சொல்வதென்றால் நான் இங்க் டாங்கைத்தான் புகழ வேண்டும்!

கோண்டாவில்_கடை
சண்டை போடாமல் சொல்லுங்கள். அந்த 4,500, 2,600 உண்மையிலேயே வருமா? தாளுக்கு எவ்வளவு வாங்குவது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சுன்னாகம்_லேசர்
வராது அக்கா. இந்த இடத்தில் மானிப்பாய் அண்ணையும் நானும் ஒரே பக்கம் என்று நினைக்கிறேன். கறுப்பு ரோனரை அளக்கிற ஐஎஸ்ஓ 19752 தாளில் கறுப்பு விழுகிற இடம் நூற்றுக்கு ஐந்து அளவுதான். ஒரு சின்னக் கடிதம் போல. அடையாள அட்டைக் கொப்பியில் முகம், பின்னணி எல்லாம் சாம்பலாக விழும், அதைவிடக் கூட இழுக்கும். இன்னொன்று: அவசரத்தில் மூடியை முழுக்க மூடாமல் அடித்தால் அட்டையைச் சுற்றி ஏ4 முழுக்கக் கறுப்பாக வரும். அப்படி ஒரு தாள் நல்ல கடிதம் பத்துக்கு மேல் தின்றுவிடும். புது மெசினோடு வருகிற ரோனர் பல மொடல்களில் முழு ரோனரும் இல்லை, குறைவாக நிரப்பியது.

மாத அளவு (மாதத்துக்கு எத்தனை பக்கம் அடிக்கலாம்) என்று ஒன்றும் போட்டிருப்பார்கள். உச்சம் 20,000 என்று பெரிதாக இருக்கும், பரிந்துரை அதில் பத்தில் ஒன்று. பரிந்துரையைத்தான் பார்க்க வேண்டும். ட்ரம் (பொடியைத் தாளுக்கு மாற்றுகிற உருளை) தனியாக மாற்றுவதா, ரோனரோடு வருவதா என்றும் கேளுங்கள். தனி என்றால் ரோனர் மலிவு, ஆனால் பன்னிரண்டாயிரம் பக்கம் அளவில் ட்ரம்முக்கு ஒரு செலவு வரும்.

மானிப்பாயான்
ஒரே பக்கம்தான், ஆனால் முடிவு வேறு. ரோனரும் போத்தலும் சொன்னதில் பாதிதான் ஓடும் என்றே வையுங்கள், போத்தல் மலிவென்பதால் அதன் விலையில் பாதி நட்டமும் சின்னதுதான். புது இங்க் டாங்கில் முதல் மை குழாய்களை நிரப்பவே கொஞ்சம் போகும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

நொத்தாரிசு_லிகிதர்
இரண்டு பேரும் அச்சையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தங்கச்சி உறுதி ஸ்கானும் கேட்டிருக்கிறார். நான் உறுதிக் கட்டுகளோடு இருக்கிற ஆள், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஏ4 கண்ணாடியின் நீளம் 297 மில்லிமீற்றர். எங்களிடம் வருகிற பழைய உறுதிகள் நீளத் தாள். வைத்தால் அடியில் கையொப்பமும் முத்திரையும் கண்ணாடிக்கு வெளியே தொங்கும். ஏடிஎஃப் லீகல் தாள் வரை இழுக்கும் என்று சுன்னாகம் தம்பி சொல்லப் போகிறார். தயவுசெய்து பழைய உறுதியை அதில் விட வேண்டாம். பெட்டகத்துக்குள் நாலாக மடித்துக் கிடந்த தாள், மடிப்பு முழுக்க நூல் நூலாக இருக்கும். உருளை இழுத்தால் அந்த மடிப்பில்தான் பிளக்கும். மேல்பாதியைக் கண்ணாடியில் வைத்து எடுங்கள், திருப்பி அடிப்பாதியை எடுங்கள், நடுவில் நாலு வரி இரண்டிலும் வரட்டும். ஒரே பிடிஎஃப்பாக இரண்டு பக்கம். இதற்குக் குறை சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை.

ஸ்கான் டிபிஐயில் ஒப்டிகல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற இலக்கம் மட்டும்தான் கணக்கு. அதற்கு மேலே போட்டிருப்பது மென்பொருள் இட்டு நிரப்புவது. எழுத்துக்கு 300 போதும். ஏ4 தாள் ஒன்று 300இல் கலராக எடுத்தால் சுருக்காமல் 26 எம்பி அளவு, 600இல் அதைப்போல நாலு மடங்கு. பிறகு மெயிலில் போகவில்லை என்று வந்து நிற்பார்கள்.

மலிவான மெசின்களில் இருப்பது சிஐஎஸ் சென்சர், அதாவது தாளைத் தொட்டாற்போல் கிட்ட வைத்துப் படிக்கிறது. தாள் கண்ணாடியை விட்டு ஒரு மில்லிமீற்றர் எழும்பினாலே அந்த இடம் மங்கும். மடிப்புள்ள உறுதி, பாஸ்போட்டின் நடுத் தையல் இரண்டிலும் இது தெரியும். மூடிக்கு மேலே ஒரு தடித்த புத்தகத்தை வையுங்கள்.

சுன்னாகம்_லேசர்
உறுதி விடயத்தில் ஐயா சொன்னால் சரி. ஆனால் புதுத் தாள் ஐம்பது வந்தால் ஏடிஎஃப் இல்லாமல் ஒவ்வொன்றாக வைத்து எடுப்பீர்களா? ஒரு குறிப்பு: ஏடிஎஃப்பில் எடுத்த எல்லாத் தாளிலும் மேலிருந்து கீழே மெல்லிய கோடு வந்தால் மெசின் பழுதென்று தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலளவு ஒடுங்கிய கண்ணாடி ஒன்று இருக்கும். அதில் ஒரு பொட்டுத் தூசு, அல்லது காயாத திருத்த மை. துணியால் துடைத்தால் போய்விடும்.

ஸ்காபரோ_பெடியன்
அக்கா, பக்ஸுக்கு ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தின் என்எச்எஸ் (அரசு சுகாதார சேவை) ஆஸ்பத்திரிகளே 2019 ஜனவரியோடு புதுப் பக்ஸ் வாங்குவதை நிறுத்தின. இங்கே எங்கள் வீடுகளில் எல்லாரும் பிடிஎஃப்தான்.

நொத்தாரிசு_லிகிதர்
கனடாவில் இருந்துகொண்டு சொல்வது சுகம் தம்பி. இங்கே சில வங்கிக் கிளைகளும் கந்தோர்களும் இன்னும் பக்ஸ் இலக்கம் தருகின்றன. ஆனால் தங்கச்சி, வீட்டில் பைபர் (கண்ணாடி இழை) தொலைபேசி என்றால் யோசியுங்கள். பக்ஸ் பழைய செப்புக் கம்பிக்குச் செய்த சாதனம். பைபரில் குரல் பொட்டலம் பொட்டலமாகப் போகும், ஒரு பொட்டலம் பிந்தினால் பக்ஸ் பாதித் தாளில் அறுந்துவிடும். செட்டிங்கில் வேகத்தை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600க்கு இறக்கினால் சில நேரம் போகும். சாதாரணத் தரத்தில் மேலிருந்து கீழே அங்குலத்துக்கு 98 வரிதான், பொடி எழுத்து வாசிக்க வராது, ஃபைன் என்ற நுண்ணிய தரத்தில் அனுப்புங்கள்.

வெளிநாட்டுக்காரர் அற்றோணித் தத்துவத்தை (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம்) ஸ்கான் பண்ணி அனுப்பிவிட்டு, காணி எழுதுங்கள் என்று நிற்பதும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அற்றோணித் தத்துவத்தையும் காணி விற்பனையையும் விலக்கித்தான் வைத்திருக்கிறது. பார்க்க மட்டும் ஸ்கான், மூலப்பத்திரம் கூரியரில் வர வேண்டும்.

கோண்டாவில்_கடை
எங்களுக்குப் பைபர்தான். ஆகவே பக்ஸ் வேண்டாம். பக்ஸ் இல்லாத, ஏடிஎஃப் உள்ள லேசரைக் கேட்கப் போகிறேன். மிச்சக் காசுக்கு இரண்டாவது ரோனர். அதை யூபிஎஸ்ஸில் கொழுவாமல் நேரே சுவரில் கொழுவுகிறேன், கரண்ட் போனால் போனதுதான்.

மானிப்பாயான்
உங்கள் காசு, உங்கள் விருப்பம். ஆனால் பள்ளிக்கூடம் தொடங்கட்டும், புரொஜெக்ட் வேலைக்குக் கலர்ப் படம் கேட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள். எங்கள் கடை ஆறு மணி வரை திறந்திருக்கும் 😄

சுன்னாகம்_லேசர்
காசு கொடுக்க முன் கடையிலேயே செட்டிங் தாளை (மெசின் தன் விபரங்களை அடிக்கிற தாள்) அடித்துப் பாருங்கள் அக்கா. அதில் பக்கக் கணக்கு வரும். புது மெசின் என்றால் சில பக்கத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ திருப்பிக் கொடுத்தது, வேறு பெட்டி கேளுங்கள். ரோனரின் விலையையும் அங்கேயே எழுதி வாங்குங்கள்.