ஊசிக்கு முன் 390, நண்பகலில் 58: பூனையின் சர்க்கரை அளவில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி

வணக்கம். எங்கள் பூனை 11 வயதான, கருத்தடை செய்யப்பட்ட ஆண். நீரிழிவு உறுதியானதிலிருந்து கிளார்ஜின் இன்சுலின் 2 யூனிட் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டு வருகிறோம். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னர் காதோரத்தில் குத்தி, மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் அளவு பார்க்கிறேன். காலையிலும் இரவிலும் 370 முதல் 400 மி.கி./டெ.லி. வரையே காட்டுவதால், மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க எண்ணியிருந்தேன். இந்நிலையில் நேற்று ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 58 என்று வந்தது. மறு காதில் எடுத்துப் பார்த்ததில் 63. பூனை வழக்கம்போலவே நடமாடியது. உடனே உணவு வைத்தேன், சாப்பிட்டது. இரவு ஊசிக்கு முன் மறுபடியும் 410. மீட்டர் பழுதாகிவிட்டதா, அல்லது ஸ்ட்ரிப்பில் கோளாறா? இன்சுலினைக் கூட்டுவதா, குறைப்பதா என்று தெரியாமல் கலங்கிப்போயிருக்கிறேன்.

மறுமொழி 1

இரண்டு காதுகளிலும் எடுத்த அளவுகள் ஏறக்குறைய ஒத்திருப்பதால் மீட்டர் பழுது என்று சொல்ல இடமில்லை. ஆனால், மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது; பூனைக்கோ பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பிளாஸ்மா எனும் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே இருப்பதால், மனிதருக்கென அமைந்த கணக்கு அங்கே பொருந்துவதில்லை. அதற்காக, 58 என்பது உண்மையில் 80 ஆக இருக்கும் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். 60-க்குக் கீழே எந்த மீட்டர் காட்டினாலும் அதைத் தாழ்நிலையாகவே கருத வேண்டும். உணவு கொடுத்தது சரியான செயல். இனி இப்படி நேர்ந்தால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். தள்ளாட்டமோ வலிப்போ தென்பட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். தன்னினைவு இல்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

மறுமொழி 2

ஊசிக்கு முன் எடுக்கும் அளவு, முந்தைய இன்சுலினின் வேகம் ஓய்ந்த நேரத்து அளவு. அது எவ்வளவு உயர்ந்திருந்தாலும், இடைப்பட்ட நேரத்தில் சர்க்கரை எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியது என்பதை அது சொல்லாது. மருந்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த அடிமட்டம்தான். ஆகவே 390-ஐ மட்டும் பார்த்து 2 யூனிட்டை 3 ஆக்கியிருந்தால், நேற்றைய 58 இன்னும் கீழே போயிருக்கும்.

சர்க்கரை தாழ்ந்தவுடன் உடல் அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து கல்லீரலில் சேமித்த குளுக்கோஸை வெளியேற்றுவதால் அளவு மேலே பாய்வதுண்டு. தாழ்வுக்குப் பின் வரும் உயர்ந்த அளவுக்கு இதையே உடனே காரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பேசப்படும் அளவுக்கு இது பூனைகளிடம் அடிக்கடி நிகழ்வதாக நான் கருதவில்லை. இன்சுலின் 12 மணி நேரம் முழுவதும் தாக்குப்பிடிக்காமல் முன்னதாகவே தீர்ந்துவிட்டாலும் இரவில் இதே 410 வரும். ஊசி நேரத்தில் மட்டும் அளப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாட்டை அறிய, ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடமாக்க வேண்டும். 150-க்குக் கீழே வந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. அடிமட்டம் 80-க்கும் 150-க்கும் இடையில் அமைவது விரும்பத்தக்கது. உணவு வைத்த நேரத்தையும் அதே தாளில் குறித்துவையுங்கள். அது இல்லாத வரைபடத்தை வைத்து மருத்துவரால் அதிகம் சொல்ல முடியாது. இதை வீட்டில் செய்வதே மேல், ஏனெனில் மருத்துவமனைப் பதற்றத்தில் ஆரோக்கியமான பூனைக்கே சர்க்கரை வெகுவாக ஏறிவிடும்.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: சிரிஞ்சின் மேல் யு-100 என்று இருக்கிறதா? வழக்கமான கிளார்ஜின் யு-100 வகை, அதாவது ஒரு மி.லி.யில் 100 யூனிட்; யு-40 சிரிஞ்சோ மி.லி.க்கு 40 யூனிட் என்ற கணக்கில் கோடிட்டது. அதை யு-40 சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சிரிஞ்சு யு-100 தான். அன்றே மருத்துவரிடம் பேசினேன். அவர் அளவை 1 யூனிட்டாகக் குறைத்து, ஒரு வாரம் கழித்து வரைபடம் எடுக்கச் சொன்னார். இன்று எடுத்தேன். காலை 8 மணிக்கு 334; 10 மணிக்கு 262; 12 மணிக்கு 171; 2 மணிக்கு 118; 4 மணிக்கு 136; 6 மணிக்கு 209; இரவு 8 மணிக்கு 288. இப்போதைக்கு இதே அளவைத் தொடருமாறு சொல்லியிருக்கிறார். ஆனால் பிற்பகலுக்கு மேல் காதில் இரத்தம் எளிதில் வரவில்லை. பூனையும் தலையை இழுத்துக்கொண்டது. அதைத் துன்புறுத்துகிறோமோ என்று மனம் வருந்துகிறது.

மறுமொழி 2 எழுதியவர்

118 நல்ல அடிமட்டம்; நிம்மதியாக இருக்கிறது. காது குளிர்ந்திருந்தால் இரத்தம் வராது. வெதுவெதுப்பான ஈரத்துணியைப் பிழிந்து, காது மடல் விரலுக்கு இளஞ்சூடாகத் தெரியும்வரை ஒற்றிவிட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈரம் கலந்தால் அளவு தவறிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நாளம் தெரியும். நாளத்தையே குத்தாமல், அதற்கும் காதின் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் குத்துங்கள். பின்புறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் ஏறாது. குத்துவதற்கு முன் மிக மெல்லியதாக வாசலின் பூசினால் இரத்தம் மயிரில் பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். எடுத்து முடிந்ததும் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் காது கன்றாது. இரத்தம் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு முறையும் அதற்குப் பிடித்த ஒரு துண்டு இறைச்சியை உடனே கொடுங்கள். பெரும்பாலான பூனைகள் அதற்காகவே வந்து அமரப் பழகிவிடும்.

அப்படியும் ஒத்துழைக்காவிட்டால், தோலில் ஒட்டும் சென்சாரைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது திசுநீரின் குளுக்கோஸை அளப்பதால் இரத்தத்தின் அளவைவிடச் சற்றுப் பின்தங்கியே காட்டும். எனவே சென்சார் தாழ்வாகக் காட்டும்போது காதிலும் ஒருமுறை எடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.