மறு: மறு: ஓவர்ரைடு — வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பவர்:
குழுவினருக்கு வணக்கம். செவிலியர் கையேடு ஒன்று வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மருத்துவர் கணினியில் மருந்து எழுதும்போது ‘இது அதோடு சேராது’, ‘அளவு மிகை’ என்று திரையில் எச்சரிக்கை எழும். பட்டியலில் ஒரு காரணத்தைத் தொட்டுவிட்டு எழுதியபடியே மேலே போனால் அது ஓவர்ரைடு. ‘எச்சரிக்கை மீறல்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மருந்தாளுநர்:
மீறல் வேண்டாம், சிக்னலை மீறியதுபோல் குற்றம் ஏறிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால் எச்சரிக்கை வரும். இரத்தக் கசிவு அபாயம் மெய்தான். மாற்று மருந்து இல்லாதபோது வார்ஃபரினைக் குறைத்து, சில நாளில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனை) பார்க்கச் சொல்லிவிட்டு எழுதுபவர் எதை மீறினார்? படிக்காமலே தட்டுபவரும் அதே பட்டனைத்தான் தட்டுகிறார். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் 49 முதல் 96 விழுக்காடு எச்சரிக்கைகள் இப்படித்தான் போயின. அத்தனையும் மீறலா?

புலவர்:
> மீறல் வேண்டாம்

உடன்படுகிறேன். கடந்து போவதால் ‘கடத்தல்’ எனலாம். ஆனால் முதல் கேள்வி, ‘எச்சரிக்கை’ தமிழ்தானா? தெலுங்கில் ஹெச்சரிக, கன்னடத்தில் எச்சரிகெ. ‘விழிப்புரை’ என்று மாற்றுங்கள்.

மொழிபெயர்ப்பவர்:
ஐயா, கடத்தல் என்றால் தங்கம்தான் நினைவுக்கு வரும். எச்சரிக்கையை விட்டுவிடுங்கள், 41 பக்கங்களில் இருக்கிறது. ஓயாமல் எச்சரிக்கை வந்து அலுத்துப்போவதற்கும் ஒரு சொல் வேண்டும்.

புலவர்:
குறள் 611 இருக்கிறதே: ‘அசாவாமை வேண்டும்’. தளர்ச்சிக்குப் பெயர் அசா. ‘எச்சரிக்கை அசா’!

மருந்தாளுநர்:
அச்சகத்தில் ‘ஆசை’ என்று திருத்திவிடுவார்கள். சலிப்பு போதும். மாவு சலிப்பதும் சலிதான், மனம் சலிப்பதும் சலிதான். இங்கே சல்லடைக் கண் அடைத்துப்போகிறது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுவனுக்கு இதே கோட்ரைமாக்சசோலை 160 மி.கி., அதாவது ஒரே மாத்திரை, எழுத நினைத்த மருத்துவர் 160 என்று தட்டினார். திரை கேட்டது கிலோவுக்கு எத்தனை மி.கி. என்று. சிறுவன் 38.6 கிலோ, கணக்கு 38½ மாத்திரையில் போய் நின்றது. மருத்துவருக்கும் எச்சரிக்கை வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. இருவரும் தாண்டினார்கள். சொற்ப மிகைக்கு வரும் அதே பெட்டிதான் இதற்கும் வந்தது. சிறுவனுக்கு வலிப்பு வந்தது, பிழைத்தான்.

ஆசிரியர்:
இதைப் படித்த பிறகும் மீறல் இல்லை என்கிறீர்களா? மென்மையான சொல்லைப் போட்டால் மாணவர் தவறை இலேசாக எடுத்துக்கொள்வார்கள்.

மருந்தாளுநர்:
கடுமையான சொல்லைப் போட்டால் காரணக் கட்டத்தில் உண்மையை எழுதமாட்டார்கள். ‘மற்றவை’ என்று தொட்டுவிட்டு ஒரு புள்ளி வைப்பார்கள். அறிக்கை எடுப்பவருக்குப் புள்ளிதான் மிஞ்சும். நீங்களே ‘தாண்டினார்கள்’ என்பதைத் தடங்கலின்றிப் படித்தீர்களே, ‘தாண்டல்’ என்றே வைக்கலாம். பட்டனில் மட்டும் ‘எழுதியபடி தொடர்க’.

புலவர்:
தாண்டல் என்றதும் அப்பரின் திருத்தாண்டகம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயர்க்காரணம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பவர்:
எழுதுங்கள் ஐயா, வெள்ளிக்குப் பிறகு. ‘தாண்டல்’, ‘எச்சரிக்கைச் சலிப்பு’ இரண்டையும் ஏற்றிவிட்டேன்.

ஆசிரியர்:
என் வகுப்பில் மீறல்தான்.