கார் கம்பெனி கேட்கும் கார்பன் கணக்கு: சின்ன யூனிட்டுக்கு இதில் காசு இருக்கிறதா?

குறிச்சி_மெஷின்ஷாப்:

வணக்கமுங்க. குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு மெஷின் ஷாப், அரசூர்ப் பக்கம் சின்னதாக ஒரு ஃபவுண்டரி (இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறை), இரண்டையும் அண்ணன் தம்பி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிரேக் டிரம், ஹவுசிங், கொஞ்சம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடுகிற குழாய்). நேரடியாகக் கார் கம்பெனிக்குப் போவதில்லை, அவர்களுக்குச் சப்ளை செய்கிற பார்ட்டிக்குத்தான் போகிறது. இப்போது அந்தப் பார்ட்டி ஒரு ஃபாரம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு டன் காஸ்டிங்குக்கு (வார்ப்புக்கு) எத்தனை யூனிட் கரண்ட், அதில் காற்றாலை எவ்வளவு, சோலார் எவ்வளவு, கழிவு மணல் எங்கே போகிறது, சுற்றுச்சூழல் நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 14001 சான்று இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வாங்குவீர்கள், இப்படியே நாலு பக்கம். விலையை ஏற்றித் தருவீர்களா என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் இல்லை, வருடாவருடம் குறைக்கச் சொல்வது பாட்டுக்கு நடக்கிறது.

சுற்றுச்சூழல் என்று கார் கம்பெனிகள் இவ்வளவு செலவு செய்வதில் அவர்களுக்கு உண்மையிலேயே வியாபார லாபம் இருக்கிறதா, இல்லை ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ள மட்டும்தானா? லாபம் இருந்தால் அதில் நமக்கு என்ன வரும்? அப்பா ஆரம்பித்த யூனிட், ஒரு நாற்பது குடும்பம் இதை நம்பி இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோபிக்காரன்_ஒரகடத்தில்:

நான் ஒரு கார் கம்பெனியில் சப்ளையர் பிரிவில் இருக்கிறேன், ஊர் கோபி. உங்கள் பார்ட்டி வேண்டுமென்று தொந்தரவு செய்யவில்லை, மேலிருந்து கேட்கிறார்கள், அவர்கள் உங்களைக் கேட்கிறார்கள். 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கிற லிஸ்டட் கம்பெனிகள் சுற்றுச்சூழல் கணக்கை வருடாவருடம் வெளியிட்டே ஆக வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி சொல்லிவிட்டது, அதில் பெரிய கம்பெனிகளிடம் சப்ளையர் கணக்கையும் எதிர்பார்க்கிறார்கள். இதெல்லாம் புதுசும் இல்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1999-லேயே சப்ளையர்களை 14001 வாங்கச் சொன்னவர்கள்தான்.

லாபம் இருக்கிறதா என்றால், கண்டிப்பாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது வராமல் போன நஷ்டமாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி விற்கிற கார்களின் சராசரிப் புகை அளவு நிர்ணயித்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். ஐந்து லட்சம் கார் விற்கிற கம்பெனி 10 கிராம் தாண்டினால் 47.5 கோடி யூரோ போய்விடும். அதைத் தவிர்க்கத்தான் ஃபியட் கிரைஸ்லர் 2019-ல் எலெக்ட்ரிக் கார் மட்டும் செய்கிற டெஸ்லாவுக்குக் காசு கொடுத்து, சராசரி குறைய அவர்கள் கார்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. டெஸ்லா பக்கம் பாருங்கள், 2020-ல் இந்த மாதிரிப் புகைக் கணக்கு கிரெடிட்டை மற்ற கம்பெனிகளுக்கு விற்றே 150 கோடி டாலருக்கு மேல் வந்தது, அந்த வருடம் அவர்களின் நிகர லாபம் அதில் பாதிகூட இல்லை. ஃபோக்ஸ்வாகன் டீசல் காரின் புகைச் சோதனையை ஏமாற்றி 2015-ல் மாட்டியதற்குக் கட்டியது 3,000 கோடி யூரோவுக்கு மேல்.

நம் நாட்டிலும் பார்த்தோமே. 2017 மார்ச் 29-ம் தேதி சுப்ரீம் கோர்ட் பிஎஸ்-3 (பழைய புகை விதிப்படி செய்த) வண்டியை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று சொன்னபோது சுமார் எட்டு லட்சம் வண்டி விற்காமல் கிடந்தது, பெரும்பாலும் டூவீலர். டீலர்கள் இரண்டே நாளில் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். முன்கூட்டியே மாறியவர்களுக்கு அந்த அடி கம்மி.

அப்புறம் ஃபவுண்டரி வரைக்கும் ஏன் வருகிறார்கள் என்றால், பெட்ரோல் காரில் பெரும்பங்கு கார்பன் ஓட்டும்போது வருகிறது. எலெக்ட்ரிக் ஆனதும் அது குறைந்து, எஃகு, அலுமினியம், பேட்டரி, காஸ்டிங் என்று செய்யும்போது வருவது முன்னால் வந்து நிற்கிறது. கம்பெனி தன் பெயின்ட் ஷாப்பில் என்ன மிச்சம் பிடித்தாலும் சப்ளையர் கணக்கு குறையாமல் மொத்தம் குறையாது.

அரசூர்_உலை:

நானும் ஃபவுண்டரிதானுங்க. அந்த ஃபாரத்தைக் கார்பன் கணக்கு என்று பார்க்காதீர்கள், ஈபி பில் என்று பாருங்கள், பயம் போய்விடும்.

இன்டக்‌ஷன் ஃபர்னஸில் ஒரு டன் இரும்பு உருக்க சுமார் 600 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் யீல்டு, அதாவது உருக்கியதில் நல்ல காஸ்டிங்காக வருகிற பங்கு, 55 சதவீதம் என்றால் ஒரு டன் நல்ல காஸ்டிங் வெளியே போக 1.82 டன் உருக்க வேண்டும், மீதி ரன்னர் (அச்சுக்குள் இரும்பு ஓடுகிற வழியில் நிற்பது), ரைசர் (சுருங்குவதை ஈடுகட்ட வைக்கிற கூடுதல் இரும்பு) என்று திரும்ப உலைக்கே வரும். யீல்டை 65-க்குக் கொண்டுவந்தால் 1.54 டன் உருக்கினால் போதும். டன்னுக்குச் சுமார் 170 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலும் 1,190 ரூபாய், மாதம் எத்தனை டன் ஊற்றுகிறீர்களோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் கிரிட் கரண்டில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக டன்னுக்கு 120 கிலோ அதிலும் குறையும். மிச்சமும் ஒன்றுதான், ஃபாரத்தில் எழுதுகிற நம்பரும் ஒன்றுதான். இதற்கு முதலீடு என்று பார்த்தால் கேட்டிங் டிசைனை, அதாவது அச்சுக்குள் இரும்பு போகிற வழியை, உட்கார்ந்து திருத்துவதும், பேட்டர்ன் (அச்சு எடுக்கிற மாதிரி) மாற்றுவதும்தான்.

இன்னும் சொல்கிறேன். திரும்ப உலைக்குப் போடுகிற ரன்னரில் மணல் ஒட்டியிருந்தால் அந்த மணலையும் கரண்ட் கொடுத்துச் சூடாக்குகிறோம், பிறகு கசடாக வழித்துக் கொட்டுகிறோம், லைனிங்கும் கெடுகிறது. ஒரு ஷாட் பிளாஸ்ட் அடித்து, அதாவது சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து மணலை உதிர்த்துப் போடுங்கள். உலை மூடியைத் திறந்தே வைத்திருப்பதைப் பெரும்பாலான இடத்தில் பார்க்கிறேன், கூலிங் டவருக்குப் போவதே போதாதென்று மேலேயும் சூடு போகிறது. ராத்திரி மெஷின் எல்லாம் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு ஷாப்புக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள், உஸ்ஸென்று சத்தம் வருகிற இடமெல்லாம் காசு போகிற இடம். ஏழு பார் பிரஷரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால் சுமார் 3 கிலோவாட் வீண். வருடம் 300 நாள், நாள் முழுக்க என்றால் 21,600 யூனிட், ஒன்றரை லட்சம் ரூபாய், ஒரு ஹோஸ் கிளாம்புக்காக.

காற்றாலைக்கு, சின்ன யூனிட்டுகள் சேர்ந்து குரூப் கேப்டிவ், அதாவது கூட்டாகப் பங்கு போட்டுக் கரண்டைத் தாங்களே எடுத்துக்கொள்கிற முறையில் போகலாம். சேர்ந்தவர்களிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், கரண்டில் 51 சதவீதமாவது அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். பல்லடம், உடுமலை காற்றை மில்லுக்காரர்கள் மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பானேன்?

பெருந்துறை_கணக்கர்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. மிச்சம் பிடித்த அந்த 1,190 ரூபாயை அடுத்த விலைப் பேச்சில் பார்ட்டி கேட்பார்கள். நீங்கள்தான் ஃபாரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே, ஒரு டன்னுக்கு இத்தனை யூனிட் என்று. நான் கணக்குப் பார்க்கிற ஒரு யூனிட்டில் இதே நடந்தது, கரண்ட் குறைந்ததைக் காட்டியே விலையை இறக்கினார்கள். அதனால் நம்பரைக் கொடுக்கும்போதே ஓர் ஒப்பந்தம் பேசுங்கள்: மிச்சத்தில் பாதி எங்களுக்கு, ஆர்டர் மூன்று வருடத்துக்கு உறுதி, உலை மாற்ற வேண்டியிருந்தால் டூலிங் (அச்சு, பேட்டர்ன்) செலவு போல அதையும் பிரித்துக்கொள்வது. வாயால் இல்லை, பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். லாபம் மேலேயும் செலவு கீழேயும் தங்கினால் அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் திட்டம் இல்லை.

ஏற்றுமதி இருந்தால் இன்னொன்று. ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி (இறக்குமதியாகிற பொருளைச் செய்யும்போது வந்த கார்பனுக்குப் போடுவது) 2023 அக்டோபரில் கணக்குக் கொடுப்பதோடு ஆரம்பித்து, 2026 ஜனவரியிலிருந்து காசாகிவிட்டது. போல்ட், நட்டு முதல் பட்டியலிலேயே இருக்கிறது. கார் பாகம் என்ற தலைப்பில் போவது அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் உங்கள் காஸ்டிங் எந்த எச்எஸ் கோடில் (கஸ்டம்ஸ் பொருள் எண்ணில்) போகிறது என்று கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:

நான் திருப்பூர், சாயப்பட்டறைக் குடும்பம். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் ஊரில் இருந்த பட்டறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடின. அதற்கு முன்னால் பல வருடமாக நொய்யலில் இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையில் எங்கள் சாயத் தண்ணீர்தான் நின்றது, கீழே இருந்த விவசாயிகள் கோர்ட் கோர்ட்டாக ஏறினார்கள், அப்போதெல்லாம் ஆர்ஓ (தண்ணீர் சுத்திகரிப்பு) போட்டால் கட்டுப்படியாகாது என்றுதான் எல்லோரும் பேசினோம். மூடிய பிறகு என்ன ஆனது? கடன் வாங்கிச் சுத்திகரிப்பு போட்டவர்கள் திறந்தார்கள், மற்றவர்கள் தறி, வாடகை என்று வேறு பக்கம் போனார்கள், சிலர் எழுந்திருக்கவே இல்லை. இன்று வெளிநாட்டு பிராண்டுக்காரன் ஊருக்கு வந்தால் முதலில் பார்ப்பது அந்தத் தண்ணீர் பிளான்டைத்தான். செலவு அன்றைக்கும் அதேதான், ஆனால் நேரம் இருக்கும்போது செய்வதும் சீல் வைத்த பிறகு வட்டிக்கு வாங்கிச் செய்வதும் ஒன்றாகாது. உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது.

கழிவு மணலைத் தயவுசெய்து குளத்துப் பக்கம் கொட்டவிடாதீர்கள். லாரிக்காரர் எங்கே கொண்டுபோகிறார் என்று நீங்களே ஒருதரம் பின்னால் போய்ப் பாருங்கள்.

குறிச்சி_மெஷின்ஷாப்:

எல்லோருக்கும் நன்றிங்க. அரசூர் அண்ணா, எங்கள் யீல்டு 58-ல் நிற்கிறது, ஹவுசிங்கில்தான் ரைசர் பெரிசு. பேட்டர்ன்காரரிடம் பேசுகிறேன். பாதி மிச்சம் எங்களுக்கு என்று எழுதிக் கேட்பதைத் தம்பியிடம் சொன்னேன், ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறான். கோபி அண்ணா, நீங்கள் அந்தப் பக்கம் இருக்கிறவர், இப்படிக் கேட்டால் கோபப்படுவார்களா?

கோபிக்காரன்_ஒரகடத்தில்:

கோபம் இல்லை, கேட்பவர்கள் கம்மி. நம்பரோடு வருகிற சப்ளையரை விட மனசு வராது, ஏனென்றால் எங்கள் கணக்கில் பாதி இடம் காலியாகத்தான் கிடக்கிறது. பாதி கேட்டால் மூன்றில் ஒன்றாவது ஒத்துக்கொள்வார்கள். ஆனால் நான் உங்களிடத்தில் இருந்தால் அதைவிட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பற்றித்தான் யோசிப்பேன். எலெக்ட்ரிக் காரில் அந்தப் பாகமே கிடையாது. பிரேக் டிரம் இருக்கும், மோட்டார் ஹவுசிங் இருக்கும், அது அலுமினியத்தில். மிச்சம் பிடிக்கிற காசை எந்த மெஷினில் போடுவது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். ஃபாரத்தை மெயிலில் மட்டும் அனுப்பாமல் நேரில் போய்க் கொடுங்கள், அப்போதே அடுத்த மாடலுக்கு என்ன காஸ்டிங் வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.